முதல் வரிசை யாருக்கு?

நூல் நிலையத்தில் ஒரு நூல் இருத்தலும், தேடுவோன் கைக்கு அஃது எட்டுதலும் ஒன்றல்ல. இதனை யான் ஒரு முதியவரிடம் கற்றேன்.

எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றி, யாவரும் இருந்த இடத்திலிருந்தே இணைய வழியாகத் தேடுமாறு அமைத்த தொண்டர்களுள் யானும் ஒருவன். ‘கோஹா’ எனும் இலவச மென்பொருளைக் கையாண்டோம். நியூசீலாந்தில் 2000-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த அதன் பெயருக்கு, மவோரி மொழியில் கொடை என்பது பொருள்.

சின்னாட்களில், பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். எண்பதைக் கடந்தவர். அவர்தம் தந்தையார் 1943-இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாதவர். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர் எத்தனையோ ஆயிரவர். பெரியவர் ‘சயாம் ரயில்’ என்று பொறித்தார். பயண நூல்களும் கதைகளுமே நிரலாக முன்வந்தன. நெடுநேரம் பார்த்திருந்து, “தம்பி, நம் ஜனங்கள் பட்ட பாட்டை யாருமே எழுதி வைக்கவில்லை போலிருக்கிறதே!” என்று கூறி எழுந்து போனார்.

அன்று மாலை பட்டியலைத் துருவினேன். அவர் நாடிய நூல் இரண்டாம் பக்கத்தின் அடியிற் கிடந்தது. ஒருவரும் இரவல் பெறாதது அதன் முதற் குற்றம். தலைப்பில் ‘சியாம் இரயில்’ என்றிருக்க, குறிப்புரையில் மட்டுமே ‘சயாம் ரயில்’ என வந்தது இரண்டாவது. நூலோ, அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னிருந்த அலமாரியில்!

இயந்திரத்தை நோவதிற் பயன் என்ன? மிகுதியாக இரவல் போனது மேலே நிற்க என்று விதித்தவர் யாமே. மேலே நின்றது மேலும் இரவல் போயிற்று. கீழே கிடந்தது கீழேயே கிடந்தது. மனிதருள் இம்முறையைக் கண்டிக்கும் யாம், நூல்களுள் அதனை நாட்டிவிட்டோம்!

முறையை மாற்றினோம். இரவற் கணக்கை நீக்கிப் பொருத்தத்தை முதலாக்கினோம். தலைப்புக்கும் பொருட்குறிக்கும் மிக்க எடையும், குறிப்புரைக்குச் சிற்றெடையும் தந்தோம். அரிதாக வரும் சொல்லுக்கே எடை மிகுதல் வேண்டும் என்பது காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1972-இல் காட்டிய நெறி. அதன்படி, பல நூல்களில் வரும் ‘ரயிலினும்’ சிலவற்றிலேயே வரும் ‘சயாம்’ கனமுடைத்து. எழுத்து வேறுபாடுகளை மாற்றுத் தலைப்புகளாகப் பதிவிற் சேர்த்தோம். இப்பொழுது அந்நூல் முதலில் நிற்கின்றது.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காக்க என்பது. எண்பதைக் கடந்தவருக்கு வீணாக்கக் காலம் ஏது?

மறுவாரம் நூலை யானே அவர் இல்லத்துக்குக் கொண்டு சென்றேன். அட்டையைத் தடவியவாறு நெடுநேரம் திறவாதிருந்தார்.

அன்பர்காள்! தேடியது திரையில் தோன்றாவிடில், இல்லையென்று திரும்பாதீர். எழுத்தை மாற்றித் தேடுமின், நூலகரை வினவுமின். பட்டியல் அமைப்போரே! கடைசிப் பக்கத்தையும் ஒருகால் புரட்டிப் பாருங்கள். நம் முன்னோர் அங்கே காத்திருத்தல் கூடும்.