பத்தடி அறையில் மிருதங்கம்

மும்பையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே ஹார்பர் மார்க்கத்து ரயில் நின்று போகும் திலக் நகரில், வீட்டுவசதி வாரியத்தின் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்கு மாடிகளாக உயர்ந்து வர, இன்னும் கை வைக்கப்படாத ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், வால்வு ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் தம் கையாலேயே செய்து கொடுக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று மாதுங்கா நண்பர் சொன்னதன்பேரில், அவரைக் காணப் போயிருந்தேன். லட்சக்கணக்கில் விலைபோகும் அயல்நாட்டுச் சாதனங்களை விளம்பரங்களில் கண்டு மலைத்திருந்த எனக்கு, லாமிங்டன் சாலையில் பொறுக்கி வாங்கிய டிரான்ஸ்பார்மர்களும், காகிதத்தில் சுற்றிய ஈஎல்34 வால்வுகளும் சற்று ஏமாற்றமாகவே இருந்தன.

கவிழ்த்து வைத்த சேஸிஸின்மேல் குனிந்து, தாராவியிலிருந்து வரும் உதவியாளப் பையன் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். "எல்லா எர்த்தும் இந்த ஒரே போல்ட்டுல வந்து சேரணும்டே, இல்லேன்னா ஹம் அடிக்கும்" என்றார் பெரியவர். இசைத்தட்டின் முள் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது, வீட்டு மின்சாரத்தின் 50 சைக்கிள் இரைச்சல் எள்ளளவு கலந்திருந்தாலும் அதுவும் சேர்ந்தே பெருகிவிடுமல்லவா? பிறகு மின்சாரத்தைச் செலுத்தி வால்வுகளின் வோல்டேஜை அளந்தபோது, அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டதைக் கவனித்தேன். 400 வோல்ட் அளவில் பாயும் சர்க்யூட்டில் இரு கைகளும் பட்டால், மின்சாரம் மார்பின் குறுக்கே போகும். பையனும் அவ்வாறே ஒற்றைக் கையால் அளக்கிறான்.

சாதனம் தயாரான பின்புதான் உண்மையான பிரயாசை ஆரம்பமாகிறது. நீளமும் அகலமும் பத்தடியாகவே அமைந்த அந்தச் சதுர அறையில், விநாடிக்கு ஏறக்குறைய 56 அதிர்வுகள் கொண்ட ஒலி இரு திசைகளிலும் ஒரே சமயத்தில் சுவரோடு சுவராக மோதித் தங்கிவிடுவதால், சுவரோரம் அமர்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி ஊதிப் பெருத்து முழங்குகிறது. நடு அறைக்கு வந்தாலோ அதே ஒலி மாயமாய் மறைகிறது. தரையில் சாக்கட்டியால் கோடிட்டு, ஸ்பீக்கர்களை விரல்கடை விரல்கடையாக நகர்த்தி, நாற்காலியையும் பின்தொடர்ந்து நகர்த்தி, இவர்கள் சமரசம் காண்கிறார்கள்.

எது சரியான நாதம் என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்கிறீர்கள் என்று வினவினேன். 1952-இல் தோன்றிய ஷண்முகானந்தா சபையின் கச்சேரிகளை விடாமல் கேட்பவராயினும், "அங்க கேக்கறது மைக்கு வழியால்லா சார்!" என்று அதை ஒதுக்கிவிட்டு, மிருதங்கம் பயிலும் தம் பேரனை அழைத்தார். பேரன் அதே அறையில் நான்கு ஆவர்த்தனம் வாசிக்க, உடனே இசைத்தட்டை ஓடவிட்டு, தொப்பியின் கும்காரம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு கூடுகிறது என்று காதாலேயே அளந்தார். இதைவிடச் சிறந்த அளவுகோல் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் இராது என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கர் கம்பிக்கே சொத்தை எழுதிவைக்கும் ரசிகர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள்.

உயர்ந்த ஒலிச் சாதனம் வாங்க விரும்பும் வாசகர்கள், கடைக்குப் புறப்படுமுன் தங்கள் அறையின் நீள அகலங்களை அளந்து குறித்துக்கொண்டு போவார்களாக.