பூட்டுத் தகட்டில் ஒரு ‘வி’

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு எதிலாவது ‘வி’ என்ற ஆங்கில எழுத்துத் தெரிந்தால் போதும், அது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வண்ணார்பண்ணையில் ஒரு பழைய வீட்டு விறாந்தையில் பெரியவர் ஒருவர் என் கையில் வைத்த துவக்குப் பூட்டுக்கும் அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது.

குழலும் கட்டையும் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது ஏறக்குறைய ஏழு அங்குலத் தகடு, அதில் குதிரை, மருந்துக் கிண்ணம். குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல்லைத் தோல் சுற்றி இறுக்குவார்கள். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் உருக்குத் தகட்டில் கல்லை உரசும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ பற்றுவாய் வழியே குழலுக்குள் போகும்.

“வடிவாப் பாருங்கோ தம்பி, வி கிடக்குது” என்றார்.

கிடந்தது உண்மைதான். நேர் வெளிச்சத்தில் துருவும் எழுத்தும் ஒன்றாகவே தெரியும். அதனால் விறாந்தை ஓரத்துக்குப் போய், வெயில் பக்கவாட்டில் விழும்படி தகட்டைச் சாய்த்துப் பிடித்தேன். கிண்ணத்துக்குக் கீழே இதய வடிவம் ஒன்று மேலெழுந்தது. உள்ளே குறுக்குக் கோடுகள் பிரித்த நாலு அறை, அறைக்கு ஓர் எழுத்து: வி, ஈ, ஐ, சி. தலையில் 4 என்ற இலக்கத்தைப் போன்ற குறி. இது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அங்கே ‘வி’ நிற்பது ‘யூ’வுக்குப் பதிலாக, ‘ஐக்கிய’ கம்பனி என்பதன் முதலெழுத்து. 1808 முதல் கம்பனித் துவக்குகளில் இதயத்தின் இடத்தைக் கிரீடம் ஏந்திய சிங்கம் பிடித்துக்கொண்டது. ஆகவே இது அதற்கு முந்திய பூட்டு.

ஒப்பிட்டுக் காட்டுவதற்குப் பெரியவரிடமே ஓர் ஒல்லாந்தச் செப்புக்காசு இருந்தது. அதில் ‘வி’ பெரியது; அதன் இரண்டு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்துக் கிடக்கும். துவக்கு, பீரங்கிகளில் அந்தக் கூட்டெழுத்தின் மேலே ஒரு சிறிய எழுத்து நின்றால் அது ஒல்லாந்தக் கம்பனியின் கிளையைச் சொல்லும்: ‘ஏ’ ஆம்ஸ்டர்டாம், ‘ஆர்’ ரொட்டர்டாம், ‘எச்’ ஹோர்ன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் பெரியவருக்கு மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், 1795 செப்டெம்பரில் அதை ஆங்கிலேயரிடம் விட்டார்கள். வந்தது மெட்ராஸிலிருந்து கம்பனிப் படை. 1802இல் இலங்கை முடியின் நேரடி ஆட்சிக்குப் போனது. அரச படைத் துவக்குகளின் பூட்டில் கிரீடமும் ‘ஜி ஆர்’ எழுத்தும் ‘டவர்’ என்ற சொல்லும் இருக்கும். அதற்கு முன்பே கம்பனிப் படை வந்திருந்ததால் இதயக் குறி இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் இந்தப் பூட்டு அந்தப் படையோடுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன். துவக்குகள் விற்கப்பட்டன, கைமாறின. ஆப்கான் எல்லைப் பட்டறைகளில் இதே இதயத்தைப் போலியாகவும் குத்தினார்கள். அங்கே எழுத்துத் திரும்பி நிற்கும், அல்லது சிங்கத்தோடு 1790களின் ஆண்டு வந்து மாட்டிக்கொள்ளும்.

இதயம் சொல்வது உடைமைக்காரரை. செய்தவர் யார் என்பதற்குக் குதிரையின் பின்னால் உள்ள வால் பகுதியைப் பார்க்க வேண்டும். வில்சன், பார்னெட் போன்ற லண்டன் துவக்குக்காரர்களின் பெயரும் ஆண்டும் அங்கேதான் வரும். இந்தப் பூட்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் ‘17’ என்ற தொடக்கமும் மட்டுமே மிச்சம். யாரோ செங்கல் தூளும் தும்பும் போட்டுப் பளபளக்கத் தேய்த்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டு உப்புக்காற்று விட்டுவைத்த பெயரை ஒரு நாள் துப்புரவு அழித்துவிட்டதே என்று மனம் வலித்தது. ‘ஓ, என்’ என்ற முடிவு வில்சனுக்குப் பொருந்தும். பர்மிங்காம் கால்ற்றனுக்கும் பொருந்தும்.

“உள்பக்கம் திருப்பிப் பாக்கேல்லையோ ஐயா?”

“உள்ளுக்கு என்ன கிடக்கப்போகுது?”

பூட்டைச் செய்த தொழிலாளி தன் பெயரெழுத்தைக் குத்தும் இடம் அதுதான். மரக்கட்டைக்குள் மறைந்திருப்பதால் தேய்மானமும் குறைவு. திருப்பினோம். வில்லுக்குக் கீழே இரண்டு சிறிய எழுத்துகள், முதலாவது ‘டி’. பக்கத்தில் அரத்தால் கீறிய மூன்று கோடுகள். கையால் செய்த உறுப்புகளில் ஒரு பூட்டுக்குரியது இன்னொன்றில் பொருந்தாது. கலந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரே அடையாளம் கீறுவார்கள். உறுப்புகளிலும் திருகாணிகளிலும் அந்த மூன்று கோடுகளைத் தேடினோம். ஒரேயொரு திருகாணியில் மட்டும் இல்லை. அதன் தலையும் மற்றவற்றைவிடச் சப்பை.

“அப்ப இது எங்கட கொல்லர் போட்ட ஆணி” என்றார் பெரியவர், முகம் மலர்ந்து.

இருக்கலாம். மெட்ராஸ் ஆயுதசாலையில் பழுதுபார்த்தபோது மாற்றியதாகவும் இருக்கலாம். இதே சப்பைத் தலை ஆணியை யாழ்ப்பாணத்து வேறொரு பூட்டில் கண்டால் பெரியவர் சொல்வது பலப்படும்.