சாமி படம் போட்ட காசும் 420 வெள்ளியும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. ஆன்லைன்ல பழைய பொருள் வாங்குறவங்களும், வீட்டுல வயசானவங்க இருக்கிறவங்களும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. சம்பந்தப்பட்ட அக்காகிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதுறேன். பேர் போடல.

நம்ம சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில்ல வெள்ளிக்கிழமை பூ கட்ட வர்றவங்கள்ல அந்த அக்காவும் ஒருத்தர். வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர், பழைய காசு சேர்க்கிறவர். போன வருஷம் தவறிட்டார். அவர் ஆல்பத்துல ஒரு பக்கத்துக்கு மேல "கம்பெனி காசு"ன்னு தன் கையாலேயே எழுதி வச்சிருந்தார். எட்டு இடத்துல ரெண்டுலதான் காசு இருந்துச்சு. முதல் வருஷத் திதிக்குள்ள மீதி ஆறையும் நிரப்பணும்னு அக்காவுக்கு ஆசை.

ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பாத்திருக்காங்க. "1818 கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா, அசல், 200 வருஷப் பழசு, ஆறு காசு 420 வெள்ளி." ஆமா, 420தான், சிரிக்காதீங்க. ஒரு காசுல ராமர் பட்டாபிஷேகம், ஒண்ணுல அனுமார், ஒண்ணுல லட்சுமி. பேநவ்ல பணம் அனுப்பிட்டாங்க, பார்சலும் ஒழுங்கா வந்துடுச்சு. பூஜை அறையில வச்சு, எனக்கும் காட்டினாங்க.

நான் ஃபேக்டரியில உலோக சாமான் பக்கமே முப்பது வருஷம் வேலை பாக்குறவன். கையில எடுத்ததும் சந்தேகம் வந்துச்சு. ஆனா சந்தேகத்தை வச்சுக்கிட்டு யாரையும் திருடன்னு சொல்லக்கூடாது. அளந்து பாக்கணும். மறுநாள் வெர்னியர், சின்னத் தராசு, காந்தம் மூணையும் எடுத்துட்டுப் போனேன். ஆறும் ஒரே "ஒரு அணா"ன்னு போட்டிருக்கு, ஆனா எடை ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மூணு கிராம் வித்தியாசம். ரெண்டு காசு காந்தத்துல ஒட்டிக்கிச்சு. செம்பு ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. அப்போ உள்ள இரும்பு, மேல பூச்சு.

அய்யாவோட ரெண்டு காசும் பக்கத்துலயே இருந்தது நல்லதாப் போச்சு. ஒண்ணு 1835 கால் அணா: ஒரு பக்கம் கம்பெனி சின்னம், மறுபக்கம் மாலைக்குள்ள மதிப்பு. புதுசுல அது 6.47 கிராம். இது தேய்ஞ்சு 6.3 கிராம் இருந்துச்சு. இன்னொண்ணு 1845-ல நம்ம பக்கத்துக்குன்னே அடிச்ச ஒரு சென்ட், விக்டோரியா ராணி தலை போட்டது. அப்போ சிங்கப்பூரும் கம்பெனி கையிலதானே இருந்துச்சு. அந்த ரெண்டுலயும் எழுத்து கூர்மையா நிக்குது. வந்த ஆறுலயும் சாமி முகமே மழுங்கிப்போய் கிடக்கு.

விஷயம் இதுதான். 1835-க்கு முன்னால கம்பெனிக்கு இந்தியா முழுசுக்கும் ஒரே காசு கிடையாது. வங்காளம், பம்பாய், மதராஸ் மூணும் தனித்தனியா அடிச்சாங்க. 1835 வரிசையில செம்புல வந்தது கால் அணா, அரை அணா, அதுக்கும் கீழ சில்லறை. ஒரு அணாவுக்குன்னு தனிக் காசு 1907-லதான் வந்துச்சு, அதுவும் செம்பு இல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது. அதனால 1818-ல ராமர் போட்ட ஒரு அணாவுக்கு வழியே இல்ல.

கம்பெனி சாமி படமே போடலையான்னு கேட்டா, போட்டிருக்கு. மதராஸ்ல அடிச்ச வராகன்ல பெருமாள் உண்டு. வெள்ளியில அடிச்ச கால் வராகன்ல ஒரு பக்கம் நட்சத்திரத்துக்கு நடுவுல கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுத்தித் தமிழ் எழுத்தும் இருக்கும். இந்த 1818 அணாக்கள் அந்த வகை இல்ல. புண்ணியத் தலங்கள்ல ராமர் பட்டாபிஷேகம் போட்டு விக்கிற டோக்கன் ரொம்பக் காலமா உண்டு, ராமடங்கான்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி படத்தை எடுத்து, கம்பெனி பேரையும் ஒரு வருஷத்தையும் சேர்த்து அடிச்சு விக்கிறாங்க. ஊர்ல இதே காசை அரிசியை இழுக்கும் சக்தி உள்ளதுன்னு சொல்லி லட்சக்கணக்குல ஏமாத்தின கதையும் நிறைய. சதுரங்க வேட்டை படம் பாத்தவங்களுக்கு ரைஸ் புல்லிங் தெரிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. "சாமி படம் போட்டதைப் போய்ப் போலின்னு சொல்றியே தம்பி"ன்னாங்க. நான் சொன்னேன், "அக்கா, சாமியை நான் ஒண்ணும் சொல்லல. வருஷம் பொய், கம்பெனி பொய். நீங்க காசு கொடுத்தது அந்த ரெண்டுக்கும்தான்." அவங்க பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு ஆல்பத்தை மூடி வச்சுட்டு, "சரி, என்ன செய்யணும்?"னாங்க.

எங்க வாட்ஸ்அப் குழுவுல சிலர் விற்றவர் படத்தையும் நம்பரையும் எல்லா இடத்துலயும் போடுவோம்னாங்க. செய்யாதீங்க. ஒருத்தரைத் தொந்தரவு பண்ணணும்னு அவர் விவரத்தை வெளியிடுறது 2020-லேர்ந்து இங்க குற்றம். நியாயம் நம்ம பக்கம் இருக்கும்போது நாமே போய் மாட்டக்கூடாது.

நாங்க செஞ்சது இதுதான். முதல்ல விளம்பரத்தை, விலையை, பேச்சு முழுசையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அழிச்சிட்டா ஆதாரம் போயிடும். தராசுல வச்ச படம், காந்தத்துல ஒட்டின வீடியோ எடுத்தோம். பார்சல் கவரைத் தூக்கிப் போடல, அதுல அனுப்பினவர் முகவரி இருந்துச்சு. அப்புறம் அக்கா பேர்லயே மரியாதையா நாலு வரி: விளம்பரத்துல சொன்னது இது, வந்தது இது, காசைத் திருப்பித் தந்துடுறோம், ஏழு நாளுக்குள்ள 420 வெள்ளியைத் தரணும். "மோசடி"ங்கிற வார்த்தையே இல்ல.

பதில் வந்துச்சு. "நான் கடைக்காரன் இல்ல, பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது, படம் பாத்துத்தானே வாங்கினீங்க." நிறைய பேர் இந்த இடத்துல விட்டுடுறாங்க. கடைக்காரர் இல்லாத தனி ஆள்கிட்ட வாங்கினா பயனீட்டாளர் சங்கம் எடுத்துக்காது, அது உண்மை. பொருள் தரமா இருக்கணும்ங்கிற விதியும் வியாபாரிக்குத்தான். ஆனா பொருள் விற்பனைச் சட்டத்தோட 13-ஆம் பிரிவு தனி ஆளுக்கும் பொருந்தும்: வர்ணிச்சு வித்தா, வர்ணனைப்படி பொருள் இருக்கணும். விற்றவருக்குத் தெரியுமா தெரியாதாங்கிறது அங்க கேள்வியே இல்ல. மனசு மாறித் திருப்பிக் கொடுக்கிறது வேற, சொன்ன பொருளே வராதது வேற.

ஏழு நாள் ஆச்சு, அதுக்கப்புறம் பதில் இல்ல. ஸ்மால் கிளைம்ஸ் டிரைபியூனல்ல சிங்பாஸ் வச்சு ஆன்லைன்லயே பதிவு பண்ணோம். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வைக்கவே கூடாது. எங்களுக்குக் கட்டணம் 10 வெள்ளி. எதிர்த்தரப்பு பேரும் முகவரியும் கட்டாயம் வேணும். பார்சல் கவர் அங்கதான் கைகொடுத்துச்சு.

நோட்டீஸ் போனதும் அந்தத் தம்பியே ஆன்லைன்ல 250 தர்றேன்னார். எனக்கு முழுசா வாங்கணும்னு. அக்காவுக்கோ திதி நெருங்குது, வீட்டுல வம்பு வேணாம், முடிச்சுடலாம்னு. பணம் அவங்களோடது, முடிவும் அவங்களோடது. நான் ஒண்ணுதான் சொன்னேன்: "250-ன்னா பாதி பொய்யை நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்க்கா." ரெண்டு நாள் யோசிச்சு முழுத்தொகையே கேட்டாங்க. அவரும் சரின்னுட்டார்.

மரீன் பரேட் எம்ஆர்டியில சந்திச்சோம். இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஊர் சுத்தப் போன இடத்துல ஒரு கடையில வாங்கினதாம், 200 வருஷம்னு அவருக்கும் சொன்னாங்களாம். நான் துருவிக் கேக்கல. அக்கா அஞ்சு காசைக் கொடுத்துட்டு, "அனுமாரை மட்டும் நான் வச்சுக்கிறேன், அதுக்குப் பத்து வெள்ளி பிடிச்சுக்கோ தம்பி. மத்ததை விக்கும்போது வருஷம் போடாத"ன்னாங்க. 410 வெள்ளி அங்கேயே பேநவ்ல வந்துச்சு. கேஸை வாபஸ் வாங்கிட்டோம்.

அனுமார் இப்போ பூஜை அறையில இருக்கார், ஆல்பத்துல இல்ல. திதி அன்னைக்கு ஆல்பத்தை அய்யா படத்துக்கு முன்னால திறந்து வச்சிருந்தாங்க. எட்டு இடத்துல ரெண்டு காசு, அவர் வச்ச மாதிரியே.

சாமி படம், பழைய விளக்கு, பழைய காசுன்னு விளம்பரம் பாத்து உங்க வீட்டுப் பெரியவங்க பணம் அனுப்பப் போனா, அனுப்புறதுக்கு முன்னால எடையும் அளவும் கேட்கச் சொல்லுங்க. ஏற்கெனவே வாங்கிட்டாங்கன்னா அவங்களைத் திட்டாதீங்க. பார்சல் கவரோட கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ கட்டுற இடத்துலதான் இருப்பேன். தராசும் காந்தமும் பையிலயே இருக்கு.