முனையில்தான் அறும்

கொடைக்கானல் ஏரியில் முதலில் மிதந்த படகு தூத்துக்குடியிலிருந்து போனது. 1863 இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி அந்த ஏரியை உண்டாக்கினார். மீன் குஞ்சுகளை விட்டார், கூடவே ஒரு படகையும் வரவழைத்தார். அன்று மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. தூத்துக்குடியிலிருந்து வந்த படகு ஏழாயிரம் அடிக்கு எப்படி ஏறியது, எத்தனை தோள்கள் அதைச் சுமந்தன என்று யாரும் விவரமாக எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை. 1890 இல் அங்கே படகுக் கழகம் வந்தது. இன்றும் துடுப்புப் படகும் மிதிபடகும்தான் ஓடுகின்றன. பாய்மரம் கிடையாது.

என் ஊர் கன்னிவாடி, அதே மலையின் வடக்கு அடிவாரம். கடலுக்கும் எங்களுக்கும் உறவு உப்பும் கருவாடும்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் பாய்ப்படகுக் கயிறு கட்டும் வேலையைப் பார்க்கக் கிளம்பியதற்கு அந்தத் தூத்துக்குடிப் படகு ஒரு காரணம். இன்னொன்று, தூத்துக்குடியின் பழைய தோணித் தொழிலாளி ஒருவர் இப்போது சென்னையில் சிறு பாய்ப்படகுகளுக்குக் கம்பி மாற்றுகிறார் என்று நண்பர் சொன்னது.

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்ப்படகுகள் நிற்கும் மூலை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. துறைமுகத்தைக் கட்டி வளர்த்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911 இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்னும் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். இருந்தாலும் கொள்கலன் லாரிகளின் வரிசையைத் தாண்டி, அனுமதிச் சீட்டைக் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகிறவனுக்கு, இத்தனை இரும்புக்கு நடுவே காற்றை நம்பி ஓடும் ஒன்று இருக்கும் என்று தோன்றாது.

நான் பார்க்கப் போனது 26 அடி நீளக் கண்ணாடியிழைப் படகு. பந்தயத்துக்கு அல்ல, ஊர் ஊராகக் கரையோரம் போய்வர. உரிமையாளர் கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டிச்சேரி, நாகப்பட்டினம் என்று இறங்கித் தூத்துக்குடி வரை போகவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முன் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை எல்லாம் மாற்றிவிட வேண்டும், பழையது 5 மில்லிமீட்டர், புதியது 6 மில்லிமீட்டராக இருக்கட்டும் என்று முடிவோடு இருந்தார்.

கிரேன் வந்து பாய்மரத்தைக் கழற்றி இரண்டு முக்காலிகள் மேல் படுக்கவைத்திருந்தது. அலுமினியக் குழாய். நிற்கும்போது ஒய்யாரமாகத் தெரிவது படுத்தால் வெறும் குழாய்தான். அதை நிற்கவைப்பவை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கங்களில் ஜோடி ஜோடியாக இழுத்துக் கட்டிய கம்பிகள். 19 எஃகு இழைகளை முறுக்கிய கம்பி அது. 5 மில்லிமீட்டர்க் கம்பி அறுவதற்குச் சுமார் 2 டன் இழுப்பு வேண்டும்.

நண்பர் சொன்ன அந்த அண்ணாச்சிக்கு வயது எழுபதை ஒட்டி. பேரைப் போட வேண்டாம் என்றார். பையனாகத் தோணியில் பண்டாரிக்கு, அதாவது சமையல்காரருக்கு, கூடமாட ஏறியவர். கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் கொண்டுபோன காலம். பிறகு தோணிகளுக்கு எஞ்சின் வந்தது. பாய்மரம் குட்டையானது, பாய் பெயருக்கு ஒன்றாகச் சுருங்கியது, கயிறு பின்னத் தெரிந்தவனுக்கு வேலை இல்லாமல் போனது. அவர் சரக்குத் தூக்கும் கம்பிக் கண்ணிகள் பின்னும் வேலைக்குப் போனார். அங்கிருந்து இங்கே. கூட ஒரு காசிமேட்டு இளைஞர். அவர் வேலையைக் கைபேசியில் படம் பார்த்துக் கற்றவர், பாக்கியை அண்ணாச்சியிடம் திட்டு வாங்கிக் கற்கிறார்.

“எந்த ஊரு தம்பி?”

“கன்னிவாடி, அண்ணாச்சி. திண்டுக்கல் பக்கம், மலையடிவாரம்.”

“மலையா? நல்ல மூங்கில் கெடைக்குமா? சின்ன வள்ளத்துக்குப் பருமலுக்கு மூங்கிலைப்போல ஒண்ணு வராது.”

பருமல் என்றால் பாயைத் தாங்கும் குறுக்குக்கழி. காட்டு மூங்கிலில் கைவைத்தால் வனத்துறை விடாது என்றேன். சொந்த நிலத்து மூங்கிலை வெட்டலாம், 2017 இல் சட்டத்தைத் திருத்தி அதை மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். “அப்ப நீங்க நட்டு வையுங்க,” என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். கம்பியின் நடுப்பகுதியை அவர் அதிகம் கண்டுகொள்ளவில்லை. கையுறையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஒரு தடவை தடவினார், இழை எங்காவது அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும் என்பதற்காக. பிறகு முழுக் கவனமும் முனைகளில். கம்பியை ஒரு குழலுக்குள் விட்டு எந்திரத்தால் நசுக்கிப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் குழலின் வாயில்தான் கடல்நீர் இறங்கித் தங்குகிறது. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது காற்றுப் படும்வரைதான். எஃகிலுள்ள குரோமியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய படலம் போடுகிறது, அந்தப் படலமே காவல். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் நின்றால் படலம் அழியும், மறுபடி உண்டாகாது. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் இது குளிர்நாடுகளைவிட விரைவாக நடக்கிறது. பத்து ஆண்டைத் தாண்டிய கம்பியைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

“கம்பி நடுவுல அறாது தம்பி. முனையிலதான் அறும்.”

எனக்கு எங்கள் தோட்டத்துக் கமலை நினைவுக்கு வந்தது. வடம் சாலோடு சேரும் இடத்தில்தான் நைந்துபோகும், தாத்தா தினமும் தொட்டுப் பார்ப்பது அந்த ஒரு முழத்தைத்தான்.

இளைஞர் ஒவ்வொரு முனையையும் துடைத்துச் சிவப்புச் சாயம் தெளித்தார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சாயம் வெள்ளையில் ஊறி வந்து கோடு காட்டும். இரண்டு முனைகளில் மயிரிழைக் கோடு வந்தது. உரிமையாளர் தலையசைத்தார், அவர் எதிர்பார்த்ததுதான். அவர் எதிர்பார்க்காதது அடுத்து வந்தது.

பக்கக் கம்பிகள் கீழே படகின் உடம்போடு சேரும் இடத்தில் தடித்த எஃகுப் பட்டைகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கி, போல்ட்டுகளால் பிடித்திருக்கும். செயின் பிளேட் என்பார்கள். அறைக்குள் மரப்பலகை மறைப்பதால் யார் கண்ணிலும் படாது. அண்ணாச்சி அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னார். கழற்ற வேண்டியதில்லை, அது உறுதியாக இருக்கிறது, நேரம் வீண் என்றார் உரிமையாளர். அண்ணாச்சி வாதாடவில்லை. திருப்புளியை இளைஞர் கையில் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார். வலப்பக்கத்துப் பட்டையில், தளத்தைத் துளைத்துப் போகும் அதே இடத்தில், பழுப்புக் கறை. உருவி எடுத்து எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தபோது குறுக்கே பாதி அகலத்துக்கு விரிசல். சாயமே தேவைப்படவில்லை.

இங்கேதான் 5, 6 கணக்கு வருகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கம்பியின் குறுக்குப் பரப்பு 44 விழுக்காடு கூடும். பலமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. அறும் இடம் மட்டும் கம்பியிலிருந்து பட்டைக்கு இடம் மாறுகிறது. பட்டையையும் தடிப்பாக்கினால் போல்ட்டுக்கு, போல்ட்டைப் பெரிதாக்கினால் அதைத் தாங்கும் பலகைக்கு. உயரத்தில் ஏறும் கூடுதல் எடை காற்றடிக்கும்போது படகை இன்னும் சாய்க்கும். படகை வரைந்தவர் 5 என்று போட்டது கஞ்சத்தனத்தால் அல்ல. பொறியாளரான உரிமையாளருக்கு இது தெரியாததா? தெரியும். தெரிந்தும் 6 கேட்டார். தனியாகக் கடலுக்குப் போகிறவனின் பயம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பயம் வீண் அல்ல. 2018 இல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் ‘துரியா’ புயலில் உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு அடிபட்டு அறைக்குள் கிடந்தவரைச் செப்டம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. துரியா கோவாவில் கட்டிய படகு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய ‘சுஹைலி’யின் நகல், அந்த மூலப் படகு பம்பாயில் கட்டியது. அபிலாஷ் 2022 இல் வேறு படகில் மறுபடி அதே பந்தயத்துக்குக் கிளம்பி 2023 இல் இரண்டாவதாக வந்தார். பாண்டிச்சேரிப் பெண்ணான கடற்படை அதிகாரி ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்தார்கள். இவர்களைப் பற்றிப் படிக்கும்போது நாம் அலையின் உயரத்தைக் கேட்கிறோம். கம்பி முனைகளைக் கரையில் சோதித்தவர் யார் என்று கேட்பதில்லை.

கடைசியில் கம்பி 5 மில்லிமீட்டராகவே இருக்கட்டும், செயின் பிளேட்டுகள் ஆறும் புதிதாகட்டும் என்று முடிவானது. நசுக்கும் குழலுக்குப் பதில் கைச்சாவியால் திருகிப் பூட்டும் முனைகள். ஸ்டா-லாக் போன்றவை. கழற்றி உள்ளே பார்க்கலாம், கூம்பை மட்டும் மாற்றி மறுபடி பூட்டலாம். மேம்பாடு என்று எதையாவது சொல்வதானால் இதைச் சொல்வேன்.

இன்னொரு மாற்றம் அண்ணாச்சியின் தொழிலையே புரட்டிப்போட்டிருக்கிறது. பின்புறக் கம்பியின் கீழ்ப்பகுதிக்கும் சில பிடிகளுக்கும் எஃகுக்குப் பதில் டைனீமா கயிறு போட்டார்கள். நெதர்லாந்தில் கண்டுபிடித்த ஒருவகைப் பாலிஎதிலீன் இழை. அதே தடிமன் எஃகைவிடப் பலம் கூடுதல், நீரில் மிதக்கும் அளவு எடை குறைவு. வெயில் மெல்லத் தின்னும், சூடு ஆகாது, பளு தொடர்ந்தால் சிறிது நீளும். எல்லாவற்றையும்விட முக்கியம், வழுக்கும். முடிச்சுப் போட்டால் நழுவும், நழுவாவிட்டாலும் பாதிப் பலம் போய்விடும். பின்னித்தான் ஆகவேண்டும். கயிற்றின் முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் புதைக்கவேண்டும், இழுக்க இழுக்க வெளிக்கயிறு உள்கயிற்றை நெரித்துப் பிடிக்கும்.

எந்தக் கைவேலை எஞ்சினோடு செத்துவிட்டது என்று அண்ணாச்சி நினைத்தாரோ, அதையே இந்தப் புதுக் கயிறு கேட்கிறது. புதைக்கும் நீளம் தடிமனைப்போல் 72 மடங்கு என்று இளைஞர் படித்திருந்தார். 6 மில்லிமீட்டர்க் கயிற்றுக்கு 43 சென்டிமீட்டர். அளவுநாடாவை எடுத்து அளந்தார். அண்ணாச்சி நாடாவைப் பார்க்காமல் கையை விரித்து வைத்தார், இரண்டு சாண். விரலில் பெயிண்ட் தொட்டு அடையாளம் வைத்துவிட்டு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழை குறைத்துச் சீவினார். சட்டென்று முடிந்தால் அந்த இடத்தில் கயிறு மடங்கி அறும் என்பதற்காக அந்தச் சீவல். தோணியில் இருந்த தென்னைநார் ஆலாத்து வடமும் கையைக் கிழித்த மணிலாக் கயிறும் இதைவிடப் பிடிவாதமானவை என்றார்.

“ஏலே, இழுக்கும்போது முறுக்காதல. மூணாவது தடவ சொல்லுதேன்.”

“முறுக்கல அண்ணாச்சி, அதுவா திரும்புது.”

இந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஊர்த் தமிழ் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக்கில் பாய் தூக்கும் ஆஞ்சானும் பாயை இழுத்துக் கட்டும் தாமானும் அறுந்த இடத்தில் அவர்களே பின்னியிருப்பார்கள், வேறு யார் இருந்தது?

பாய்மரத்தைத் திரும்ப நிறுத்தும் நாளில் எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய். பாய்மரத்தின் அடியில் வைக்கக் காசு கேட்டார் அண்ணாச்சி. தோணியில் வைப்பார்களாம். உரிமையாளர் சட்டைப்பையைத் தடவினார். அவரிடம் பணமெல்லாம் கைபேசியில். வாயிற்காவலர் ஐந்து ரூபாய் கொடுத்தார். அலுமினியத்தோடு வேற்று உலோகம் உப்புநீரில் சேர்ந்தால் அரிக்கும் என்று இளைஞர் தடுத்து, காசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். லண்டன் தேம்ஸ் ஆற்றில் 1962 இல் கண்டெடுத்த ரோமானியர் காலப் படகின் பாய்மரக் குழியிலும் டொமிஷியன் காலத்துக் காசு ஒன்று இருந்தது. அதை உறையில் போட்டிருக்கமாட்டார்கள்.

கம்பியை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்களைத் திருகி இரு பக்கமும் சமமாக இறுக்குவது அலுப்பான வேலை. பாய்மரத்தின் பின்பக்கப் பள்ளத்தில் கண்ணை வைத்துக் கீழிருந்து மேலே பார்த்துக் கோணலைக் கண்டுபிடிக்கிறார்கள், அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகுகிறார்கள். அவை கழலாமல் தடுக்கும் ஊசிகளை மடக்கி, கூர்முனை பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றிமுடிக்கும்போது இருட்டிவிட்டது.

கூலி பேசும்போது உரிமையாளர் இளைஞருக்கு ஏன் தனிக்கூலி என்று கேட்டார். கையாள்தானே என்றார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு உரிமையாளர் இருவருக்கும் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே.

பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதற்கு முன் பலகையைக் கழற்றிச் செயின் பிளேட்டைப் பாருங்கள். இந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரைத் தனியாக அழைக்காதீர்கள், இளைஞர் ஒருவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். இரண்டு கூலியாகக் கொடுங்கள்.