ஆடிக் கடைசியில் மதுரை

கல்லூரி ஆசிரியனுக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் விடைத்தாள் கட்டுகளோடு அமரும் நாளாகவே கழிகிறது. ஆகையால் சென்ற 2025ஆம் ஆண்டு சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையாகவும், மறுநாள் கோகுலாஷ்டமியாகவும், அதற்கடுத்த நாள் ஞாயிறாகவும் அமைந்தபோது, மூன்று நாட்களையும் விடைத்தாள்களுக்குக் கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டேன். முதுகலை ஒன்றாகப் படித்த நண்பர்கள் நால்வர் மதுரையில் கூடுவதென்று முடிவாயிற்று. ஒருவர் வங்கியில் இருக்கிறார். ஒருவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். நான்காமவன் பாத்திரக்கடை நடத்துகிறான்.

நாளைக் குறித்தவன் அவன்தான். அந்த வெள்ளியும் சனியும் ஆடி முப்பதும் முப்பத்தொன்றும். ஆவணி பிறந்துவிட்டால் சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம் தொடங்கிவிடும், பிறகு புரட்டாசி வரை தன்னைத் தேட வேண்டாம் என்றான். ஆடி தள்ளுபடி விற்பனையெல்லாம் துணிக்கடைக்காரர்களுக்குத்தான், பாத்திரக்கடைக்காரன் ஆடியில் ஈ ஓட்டுவான் என்பது அவனுடைய பொருளாதார விளக்கம்.

1999 முதல் 2001 வரை திருச்சியில் நாங்கள் படித்த காலத்தில் அவனுக்குக் 'காஞ்சி' என்று பெயர். பிறந்த ஊரால் வந்ததன்று. பத்துப்பாட்டிலேயே நெடியதான மதுரைக்காஞ்சியின் 782 அடிகளையும் அவன் மனப்பாடமாகச் சொல்வான். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது அந்தப் பாட்டு. ஆயினும் அதைப் படிப்பவர் மனத்தில் தங்குவது துறவன்று. நாளங்காடியும் அல்லங்காடியுமாக விழித்திருக்கும் ஒரு நகரமே தங்குகிறது. வகுப்பில் எங்கள் பேராசிரியர் இதைக் கேள்வியாக எழுப்பியபோது, "எதை இழக்கப் போகிறோம் என்று முழுதாகக் காட்டாமல் நிலையாமையை எப்படி ஐயா சொல்ல முடியும்?" என்றான் காஞ்சி. பேராசிரியர் சற்று நேரம் பேசவில்லை. அந்த விடையை நான் இருபது ஆண்டுகளாக என் வகுப்புகளில், அவன் பெயரைச் சொல்லாமல், சொல்லி வருகிறேன்.

மேலமாசி வீதியில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். வெள்ளிக்கிழமை முழுவதும் தின்றும் நடந்தும் கழிந்தது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி விரியும் மாதப் பெயர்களைக் காலண்டரைப் புரட்டுவதுபோல் கடந்தோம். புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே இருந்த தையற்காரர்களையும் புத்தகக் கடைகளையும் தேடினேன். அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. மண்டபம் இப்போது சிற்பங்களோடு தனித்து நிற்கிறது. கல்லுக்கு நல்லதுதான். மாணவனாக வந்து பழைய நூல்களுக்குப் பேரம் பேசிய எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது போலிருந்தது.

சனிக்கிழமை கீழடி அருங்காட்சியகம் சென்றோம். 2023இல் திறக்கப்பட்ட அது செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் முற்றமும் தூண்களுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. பானை ஓடுகளில் கீறப்பட்ட 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்களின் முன் வெகுநேரம் நின்றோம். மன்னர் பெயர்களல்ல. தம் பானையைத் தம்முடையதென்று சொல்ல விரும்பிய மனிதர்களின் பெயர்கள். "நம்ம கடையிலயும் பேர் வெட்டிக் குடுக்குறோம்டா, எழுத்துக்கு இவ்வளவுன்னு" என்றான் காஞ்சி. எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குக் காரணம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2004இல் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் பணியிடம் ஒன்றுக்கு நாளிதழில் விளம்பரம் வந்தது. அப்போது நாங்கள் இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். காஞ்சியின் தந்தையார் மருத்துவமனையில் இருந்தார். அவன் பகலில் கடையையும் இரவில் தந்தையையும் பார்த்துக்கொண்டு, செய்தித்தாளைக் கண்ணால் காணாத நிலையில் இருந்தான். "விளம்பரம் ஏதாவது வந்தா ஒரு வார்த்தை சொல்லுடா" என்று என்னிடம் சொல்லியிருந்தான். கடையில் தொலைபேசி உண்டு, எண்ணும் எனக்கு மனப்பாடம். நான் விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாளை சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று விண்ணப்பிக்கும் கடைசி நாளைக் கடத்தினேன். நேர்முகத் தேர்வில் அவன் இருந்தால் எனக்கு அந்த வேலை கிடைத்திராது. இது தன்னடக்கமில்லை, எங்கள் வகுப்பில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனிடம் பின்னர், "திடீரென்று அமைந்துவிட்டது" என்றேன். அவன் என் முதல் நாள் வகுப்புக்கு ஒரு பேனா வாங்கி அனுப்பினான்.

சனிக்கிழமை இரவு மற்ற இருவரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். காஞ்சி மட்டும், "அல்லங்காடி பாக்க வேண்டாமா?" என்று எழுப்பினான். தெற்கு மாசி வீதி வழியாக விளக்குத்தூண் பக்கம் நடந்தோம். கீழ மாசி வீதியில் லாரிகளிலிருந்து மளிகை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூடிய கடைகளின் படிகளில் சிலர் உறங்கினர். ஓரிடத்தில் பருத்திப்பால் விற்கும் முதியவர் ஒருவர் தம் வண்டியருகே உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். காஞ்சி என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

"இரண்டாம் யாமம். கூவியர் உறங்குறாங்க."

மதுரைக்காஞ்சியில் அப்பம் விற்போர் பண்டங்களோடு இருந்த இடத்திலேயே உறங்கும் காட்சி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நான் நடத்தும் பகுதிதான். அந்த முதியவரைக் கடந்து நான் இரண்டடி நடந்துவிட்டிருந்தேன்.

பெரியவர் விழித்து இரண்டு குவளை ஊற்றினார். காஞ்சி அவருடைய பித்தளைப் பாத்திரத்தை விரலால் சுண்டிப் பார்த்து, பழைய வார்ப்பு, விற்றுவிடாதீர்கள் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, அங்காடித் தெருவைப் பாடும்போது சங்கு அறுப்போரையும் மணி துளையிடுவோரையும் சொன்ன மருதனார், செம்பை நிறுத்து வாங்குவோரையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார், அது நான்தான் என்றான். பழைய பாத்திரத்தை எடைக்கு எடுக்கும்போது பூசிய ஈயத்துக்கும் இரும்புப் பிடிக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் ஓசையில் எப்படித் தெரியும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த ஓரடிக்கு நான் சொல்லும் உரை ஒரு வரி. அவன் கால் மணி நேரம் சொன்னான்.

ஒரு கடைப்படியில் அமர்ந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விளம்பரம், சட்டைப்பை, தொலைபேசி எண் எதையும் விடவில்லை. இருபத்தொரு ஆண்டுகள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை.

அவன் குவளையைக் கீழே வைத்தான். ஒரு லாரி பின்வாங்கித் திரும்பிப் போகும்வரை பேசவில்லை. கோபித்துக்கொள்வான் அல்லது பெருந்தன்மையாக ஏதேனும் சொல்வான் என்று இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

"மதுரைக்காஞ்சி இப்பவும் நீதான் நடத்துறியா?"

"ஆமாம்."

"நல்லா நடத்துறியா?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. என் குறிப்பேடு பதினான்கு ஆண்டுகளாக மாறாதது. தேர்வுக்கு வரும் வினாக்களை ஒட்டி அதைச் சுருக்கி வைத்திருக்கிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேறிவிடுவார்கள். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் என்றே அதுவரை கணக்குப் போட்டிருந்தேன். அவன் கேட்ட கணக்கு வேறு. அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று நான் என்ன செய்தேன் என்பதே அது.

"வா, மூணாம் யாமம் பேய் வர்ற நேரம்" என்று எழுந்தான். அதற்குமேல் அன்றும் மறுநாளும் அதைப்பற்றிப் பேச்சில்லை. ஞாயிறு காலை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறும்முன், என் மாணவர்களிடம் ஒருநாள் வந்து பேச வேண்டுமென்று கேட்டேன். ஆவணி பிறந்துவிட்டது, கடை இருக்கிறது, புரட்டாசியில் பார்க்கலாம் என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புரட்டாசியில் வந்தான். கையில் ஒரு செப்புச் சொம்பு, ஒரு சிறு தராசு. மேசைமேல் அவற்றை வைத்துவிட்டு நூலைத் திறக்காமலே பேசத் தொடங்கினான். சொம்பு வரிசை வரிசையாகக் கைமாறியது. மாணவர்கள் சுண்டிப் பார்த்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், நான் ஒருபோதும் கேட்டிராத கேள்விகளையெல்லாம் கேட்டார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

நான் கடைசி இருக்கையில் அமர்ந்து, புதுக் குறிப்பேடு ஒன்றில், அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன்.