இடைகழியில் ஓராண்டு

வானம் தெளிந்த நாளில் சங்கராபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீல விளிம்பாகத் தெரியும். அம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. இம்மக்களிடையே வழிவழியாக ஒரு கதை வழங்கி வருகிறது. காஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருந்த கரிராமனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம். வேறு இடம் தேடிப் புறப்பட்டு விட்டார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் தத்தம் குடும்பத்தோடு அவரைப் பின்தொடர்ந்தனர். சேலம் சீமைக்கு வந்ததும் வழி பிரிந்து, ஆளுக்கொரு மலைப்பக்கமாகச் சென்று குடியேறினர். கதை மலைக்கு மலை சிறிது மாறும். ஆனால் எல்லாவற்றிலும் முன்னே நடப்பவர் சாமி. பின்னே போகிறவர்கள் மக்கள்.

பிற குடியேற்றங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. மக்கள் முன்னே போவார்கள். சோற்றுக்கு வழி பிறந்த பிறகு, சாமியை அழைத்துக் கொள்வார்கள். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து போகிறார்கள். அவர்கள் போய் இறங்கும் ஊர்களில் சாமி ஏற்கெனவே காத்திருக்கிறார் என்பதே இந்தத் தலைமுறைக்கு வாய்த்த பேறு.

படிக்கவும் நிரந்தர வேலைக்கும் வெளிநாடு செல்வது பழைய செய்தி. ஆஸ்திரேலியாவுக்கு வேறொரு வாசல் 2024-இல் திறந்தது. ஓராண்டு அந்நாட்டில் தங்கி, ஊர் சுற்றிப் பார்த்து, செலவுக்கு அங்கேயே வேலை செய்துகொள்ள அனுமதிக்கும் விசா அது. இரு நாடுகளின் வணிக ஒப்பந்தத்தின் பயனாக, ஆண்டுக்கு 1,000 இந்தியருக்கு இது கிடைக்கும். வயது 18 நிறைந்து 30-க்குள் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பாவது வேண்டும். ஓரளவு ஆங்கிலமும், கையில் ஏறக்குறைய 5,000 டாலரும் வேண்டும். இத்தகுதிகள் எல்லாம் இருந்தாலும் போதாது. பெயரைப் பதிந்து 25 டாலர் கட்டியபின் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் ஆண்டில், தொடக்க இரண்டு வாரங்களிலேயே சுமார் 40,000 பேர் பதிந்ததாக அந்நாட்டு அமைச்சர் ஒருவர் தெரிவித்தார்.

உத்திரமேரூர் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. முதலாம் பராந்தகன் காலத்தில், தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இன்று குடத்தின் இடத்தில் கணினி இருக்கிறது. குடவோலையில் பெயர் வராதவர் தம் வீட்டுக்குத் திரும்பினார், அவ்வளவுதான். இந்தக் குலுக்கலில் வேறொரு சிக்கல் உண்டு. கணவன், மனைவி என்று குடும்பமாக விண்ணப்பிக்க இதில் இடமில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டும். குழந்தை இருந்தால் உடன் அழைத்துச் செல்ல இயலாது.

சங்கராபுரத்தில் பிறந்த ஒருவனும் தியாகதுருகத்தில் பிறந்த ஒருத்தியும் மணமான புதிதில் இதற்குப் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் பெயரும் வந்தால் நல்லது. இருவர் பெயரும் வராவிட்டாலும் ஒரு வகையில் நல்லதே. ஒருவர் பெயர் மட்டும் வந்தால்தான் வீட்டில் உறக்கம் கெடும். பெயர் வராதவர் சுற்றுலா அனுமதியில் சில காலம் போய் வரலாம். ஆனால் வேலை செய்யக் கூடாது. போவதா, விடுவதா என்று மகனும் மருமகளும் பேசி முடிக்கும் முன்னே சம்பந்திகள் இருவரும் பேசத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்கள் இங்கே சற்று ஒதுங்கி நிற்பது நலம். விண்ணப்பிக்கும் முன்பே, 'ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வோம்' என்று அவ்விருவரும் தமக்குள் தீர்மானித்திருந்தார்களா என்று ஒரு முறை கேட்டால் போதும்.

இருவருக்கும் கிடைத்தது என்றே கொள்வோம். சென்னையிலிருந்து சிட்னிக்கு நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் போன்ற ஏதேனும் ஓர் ஊரில் மாற வேண்டும். புறப்படுமுன் பெட்டி கட்டுவதில் ஓர் எச்சரிக்கை. பச்சை மாவிலை, வில்வம், துளசி ஆகியவற்றைப் பிரசாதமாகக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. கல்வராயன் மலைத் தேன், ஊறுகாய், வடகம், ருத்திராட்ச மாலை என எதைக் கொண்டுபோனாலும் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், கூடாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

சிட்னியின் மேற்குப் பகுதியில் ஹாரிஸ் பார்க், வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்ற ஊர்களில் நம்மவர் நெருக்கமாக வாழ்கிறார்கள். தமிழ் காதில் விழும்; கறிவேப்பிலை கடையில் கிடைக்கும். ஆனால் வீடு கிடைப்பதுதான் கடினம். அங்கே வாடகையை மாதக் கணக்கில் சொல்வதில்லை, வாரக் கணக்கில் சொல்கிறார்கள். முதலில் கேட்பவருக்கு மலிவாகத் தோன்றும். நான்கால் பெருக்கியதும் முகம் மாறும். ஆகவே புதிதாக வருவோர் ஒரு வீட்டை மூன்று நான்கு பேராகப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஓர் அறை தம்பதியருக்கு. சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு.

இதைக் கேட்டுக் கலங்கும் தாய்மார்கள் திருக்கோவலூரை நினைத்துப் பார்க்கலாம். சங்கராபுரத்துக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் உலகளந்த பெருமாள் நின்றருளும் தலம் அது. மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் அங்கே ஓர் இடைகழியில் ஒதுங்கினார். வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய நடையே இடைகழி. ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் அமரலாம் என்று இடம் கொடுத்தார். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். நான்காவதாக யாரோ நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். நெருக்கியவர் யார் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று திருவந்தாதிகள் பிறந்த இடம் மாளிகை அல்ல, முன்பின் அறியாதவர்கள் இடித்துக்கொண்டு நின்ற இடைகழி.

ஆழ்வார்கள் முன்பணம் கட்டவில்லை. இவர்கள் கட்ட வேண்டும். சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஒப்பந்தம் எழுதிக் குடியேறும்போது நான்கு வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்தத் தொகையையும் வீட்டுக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்ள இயலாது. அரசு அலுவலகத்தில் செலுத்த வேண்டும். நம் ஊரில் பத்து மாத முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற அலைந்தவர்கள் இந்த ஏற்பாட்டைப் பாராட்டுவார்கள். ஆனால் இங்கிருந்தபடியே படத்தை மட்டும் பார்த்து, வீட்டை நேரில் காணாமல் பணம் அனுப்புவது கூடவே கூடாது.

வேலைக்கு முன் வங்கிக் கணக்கும் வரி எண்ணும் வேண்டும். அந்த எண் நம் பான் எண்ணைப் போன்றது. கிடைக்கும் வேலை பெரும்பாலும் உணவகத்திலோ கிடங்கிலோ தோட்டத்திலோதான். பொறியியல் படித்த பிள்ளை தட்டுக் கழுவுவதா என்று இங்கே சிலர் முகம் சுளிக்கக்கூடும். அங்கே எந்த வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் சட்டத்தில் உள்ளது. 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். அதற்குக் குறைவாகக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவர் தமிழராகவே இருந்தாலும் விலகிவிட வேண்டும். இந்த விசாவில் உள்ளவருக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி உண்டு. 45,000 டாலர் வருமானம் வரை அதே விகிதம்தான். முதலாளி தம் பங்காக 12 சதவீதம் ஓய்வுக்கால நிதியில் செலுத்துவார். நாடு திரும்பும்போது அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். வட்டிக் கணக்குப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இந்த எண்ணைப் படிக்கும்போது வயிறு எரியும். எனினும் மீதமுள்ள 35 சதவீதத்தைக் கேளாமலே விட்டுவருவது அதைவிடப் பெரிய நட்டம்.

ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க இயலாது. ஓராண்டில் இரண்டு வேலை, இரண்டு வீடு என்று அமைவது இயல்பு. ஒதுக்கப்பட்ட பகுதிகளில், குறிப்பிட்ட வேலைகளில் மூன்று மாதம் உழைத்தால் குலுக்கல் இல்லாமலே இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். சிலர் பழத்தோட்டங்களுக்குப் போவது இதற்காகத்தான். கரும்புக் காட்டில் வளர்ந்த சங்கராபுரத்துப் பிள்ளைக்கு அந்த வெயில் ஒரு பொருட்டல்ல.

இவையெல்லாம் அமைந்த பிறகும் ஊர் ஒட்டாது. ஒட்டவைக்கும் இடம் வேறு. பரமட்டாவை அடுத்த மேஸ் ஹில்லில், பெருஞ்சாலையை ஒட்டிச் சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. அதை எழுப்பியது சைவ மன்றம். அதன் தூண்களாக நின்றவர்களில் இலங்கைத் தமிழரே மிகுதி. 1983-க்குப் பின் ஊரையும் உறவையும் இழந்து வந்தவர்கள் பலர். இவர்களைப் போல் ஓராண்டுக் கணக்கு அவர்களிடம் இல்லை; திரும்பும் தேதியே இல்லாமல் வந்தவர்கள். வாடகைக் கூடங்களில் கூடி வழிபட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து, 1999-இல் கோயில் கண்டார்கள். நகருக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய ஹெலன்ஸ்பர்க் குன்றில் 1985-இலேயே வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளிவிட்டார். அங்கே ஈசனுக்கும் சந்நிதி உண்டு. மெல்போர்னுக்குப் போகிறவர்களுக்குக் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயம் இருக்கிறது.

புதிதாக வந்த தம்பதியர் முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பினால் விருந்தினராகவே இருப்பார்கள். கந்த சஷ்டி, தைப்பூசம் போன்ற நாட்களில் பின்கட்டுக்குப் போய், 'ஏதாவது செய்யட்டுமா' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பூசணிக்காயும் கத்தியும் கைக்கு வரும். பூத்தொடுக்கத் தெரிந்த பெண்ணை எளிதில் விடமாட்டார்கள். பாத்திரம் துலக்குகிறவர் பகலில் மருத்துவராக இருக்கலாம். அறை, வேலை, மலிவான கடை பற்றிய செய்திகளெல்லாம் அந்தப் பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். புறப்படும்போது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், 'வாற வெள்ளிக்கிழமையும் வருவீங்களோ, பிள்ளை?' என்று கேட்பார். ஒரு நகரத்தில் தம் வரவை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்றால், அன்றைக்குத்தான் அந்த நகரம் ஊராகிறது.

பருவங்கள் அங்கே தலைகீழ். ஆடியில் குளிரும், மார்கழி கோடை. திருப்பாவைக்கு எழுந்தால் ஆறு மணிக்குள் வெயிலே வந்துவிடும். திதி நேரங்களை நம் நாட்காட்டியைக் கொண்டு பார்க்கக் கூடாது; அந்தந்த ஊர்க் கோயில் தரும் குறிப்பையே பின்பற்ற வேண்டும். வானமும் வேறு. திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி காட்டினோமே, அந்த அருந்ததி சிட்னியில் அடிவானத்தை விட்டு எழும்புவதே அரிது. துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது. அதற்கு ஈடாகத் திரிசங்கு உண்டு. விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே விசுவாமித்திரர் நிறுத்திவைத்த அந்த அரசனின் பெயரால் நம் முன்னோர் அழைத்த மீன்கூட்டம், சங்கராபுரத்தில் வைகாசி மாலையில் தென்கோடியில் தாழ்ந்து சிறிது நேரம் தெரியும். சிட்னியில் அது மறைவதே இல்லை. அந்நாட்டுக் கொடியிலும் அதுவே இருக்கிறது. இங்குமில்லை, அங்குமில்லை என்ற நிலையில் ஓராண்டைக் கழிக்கும் இருவருக்கு அது பொருத்தமான துணைதான்.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தால், மார்கழியில் அங்கே இரவு பதினொன்றரை. விடியற்காலை வேலைக்குப் போகிற பிள்ளை உறங்கிக்கொண்டிருப்பான். பகல் ஒன்றரைக்குப் பேசினால் அங்கே இரவு ஏழு, சமைத்துக்கொண்டே பேசுவார்கள். பங்குனியின் பிற்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் இரண்டரைக்குப் பேச வேண்டும். புரட்டாசியின் நடுவில் மீண்டும் ஒன்றரை. 'எப்போது திரும்புவீர்கள்' என்று கேட்க வேண்டியதில்லை. அது விசாவிலேயே எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டால் நெடுநேரம் பேசுவார்கள்.