டிராயிங் பீரியட்



ஞாயிறு காலை மேல்மலையனூரில் பஸ் பிடித்துச் செஞ்சிக்குப் போனேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நம் கோட்டையை உட்கார்ந்து வரைய, சென்னையிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கூப்பிட்டது என் பழைய மாணவன். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர, இவர்கள் கல்யாண மகாலுக்கு எதிரே மூன்று மணி நேரம் அசையவில்லை.

எனக்கும் தாளும் பிரஷும் கொடுத்தான். ராஜகிரியை வரைந்தேன். மல்லாட்டை மூட்டை மாதிரி வந்தது. வாட்டர்கலரில் வெள்ளை பூச வேண்டியதில்லையாம். வெளிச்சம் படும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். முதலில் வெளிர் நிறம், காய்ந்த பிறகு அடர் நிறம். நம்ம ஊர் வெயிலில் பூசும்போதே காய்ந்துவிடுகிறது! பாறை சாம்பல் நிறம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வெயில் படும் பக்கம் ரோஸ், நிழலில் நீலம்.

"எங்கேப்பா கத்துக்கிட்ட?" என்றேன்.

"வேலைக்குப் போன பிறகுதான் சார். ஸ்கூல்ல டிராயிங் பீரியடை நீங்க கணக்குக்கு வாங்கிக்குவீங்களே" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்துக்காக வருஷா வருஷம் வாங்கினேன். ஓவிய ஆசிரியர் ஒருநாளும் மறுத்ததில்லை. கலர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். இப்போது அவர் இல்லை.

என் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பீரியடைப் பறிகொடுத்தவர்கள் மார்க் போடலாம்.